உருவமும் உள்ளடக்கமும்: அமெரிக்க டீசல் எஞ்சினின் 'புல்டோக் மூக்கு' பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

உருவம், உள்ளடக்கம் ஆகியன பற்றிய வாதப் பிரதிவாதங்கள் ஈழத்துத் தமிழ் விமர்சன உலகுக்குப் புதியன அல்ல. 1960களிலும் 1970களிலும் நிகழ்ந்த இலக்கியச் சர்ச்சைகளிற் பல, ஏதோ ஒரு வகையில், இவ்விரண்டுக்கும் இடையிலான உறவு யாது என்னும் வினாவையே சுற்றி நின்றன. அவ்விவாதங்களின் பெறுபேறுகளை இங்கு மீள உரைப்பது எமது நோக்கமன்று. ஆயின் அவற்றிலே ஒரு குறைபாடு இருந்தமையை இன்று ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. உருவம் என்பதனைக் கவிதை, நாவல், நாடகம் முதலியவற்றுக்கே உரிய ஒன்றாக நாம் கருதிவந்தோம். தொழிற்சாலையிலே உற்பத்தியாகிச் சந்தையிலே விலைபோகும் பண்டங்களுக்கும் உருவம் உண்டு என்பதும், அவ்வுருவத்தைத் தீர்மானித்த சமூக சக்திகளை இனங்காண முடியும் என்பதும் போதிய கவனத்தைப் பெறவில்லை. 1971இல் ஜேர்மனிய அறிஞர் வொல்ப்காங் ஹவுக் 'பண்ட அழகியல்' பற்றி எழுதிய நூல் இத்துறையிலே முக்கியமான ஒரு தொடக்கமாகும். எனினும், குறிப்பிட்ட ஒரு பண்டத்தின் உருவத்தை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கும் முயற்சிகள் தமிழில் மிக அரிதாகவே உள்ளன.

இக்கட்டுரை அத்தகைய ஒரு முயற்சியாகும். நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், ஐக்கிய அமெரிக்காவிலே 1930களின் இறுதி தொடக்கம் 1960களின் முற்பகுதி வரை உற்பத்தி செய்யப்பட்ட ஒரு வகை டீசல் எஞ்சினின் உடற்கூடு. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் இலெக்ட்ரோ-மோட்டிவ் பிரிவினர் தயாரித்த 'எப்' வரிசை, 'ஈ' வரிசை எஞ்சின்களின் முகப்பு, உருண்டு திரண்டு முன்தள்ளி நிற்பது. அதன் உச்சியில் அல்லது நடுவில் வட்டமான பெருவிளக்கு. அதற்குப் பின்னே, உயர்ந்த இடத்தில், சற்றுச் சாய்ந்த கண்ணாடிகளுடன் சாரதியறை. அங்கிருந்து பின்பக்கம்வரை ஒரே சீராக ஓடும் வழவழப்பான பக்கச் சுவர்கள். இம்முகப்புக்குப் 'புல்டோக் மூக்கு' என்னும் பெயர் வழங்கலாயிற்று. திரைப்படங்களிலும் நாட்காட்டிகளிலும் சிறுவர் விளையாட்டுப் பொருட்களிலும் இடம்பெற்று, 'அமெரிக்கப் புகையிரதம்' என்றவுடன் உலகின் பல பாகங்களிலும் மனக்கண்ணில் எழும் தோற்றம் இதுவேயாயிற்று.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. புகையிரதத்தை இழுத்துச்செல்லும் ஊர்தியை 'எஞ்சின்' என்றும், அதனுள்ளே இருந்து எண்ணெயை எரித்து வலுவைப் பிறப்பிக்கும் பொறியை 'டீசல் இயந்திரம்' என்றும் இக்கட்டுரையில் வேறுபடுத்தி வழங்குகின்றோம். டீசல் இயந்திரம் நேரடியாகச் சக்கரங்களைச் சுழற்றுவதில்லை; அது மின்பிறப்பாக்கியை இயக்க, அங்கு பிறக்கும் மின்சாரம் அச்சுக்களில் உள்ள மின்மோட்டர்களைச் சுழற்றுகின்றது. இத்தகைய எஞ்சினுக்கு மூக்கு எதற்கு என்னும் எளிய வினாவே எமது ஆய்வின் தொடக்கப் புள்ளியாகும். நீராவி எஞ்சினின் முன்புறம் நீண்டிருந்தமைக்குக் காரணம் அங்கு கொதிகலன் இருந்தமையே. டீசல் எஞ்சினின் மூக்கினுள்ளோ அத்தகைய இன்றியமையாத உறுப்பு எதுவும் இல்லை.

2

இவ்வுருவத்தின் தோற்றத்தை 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தத்திலிருந்து பிரித்து நோக்க இயலாது. மோட்டார் வாகனங்களின் போட்டியால் ஏலவே பயணிகளை இழந்துகொண்டிருந்த அமெரிக்கப் புகையிரதக் கம்பனிகள், மந்தத்தின் தாக்கத்தால் நிலைகுலைந்தன. இழந்த பயணிகளை மீண்டும் ஈர்க்கவேண்டிய நிர்ப்பந்தம் அவற்றுக்கு ஏற்பட்டது. அதே வேளையில், மோட்டார் வாகன உற்பத்தியிலே பெருமூலதனம் திரட்டிய ஜெனரல் மோட்டோர்ஸ், அம்மூலதனத்துக்குப் புதிய துறைகளைத் தேடிக்கொண்டிருந்தது. 1930இல் அது கிளீவ்லாந்தில் இருந்த வின்ரன் இயந்திரக் கம்பனியையும் இலெக்ட்ரோ-மோட்டிவ் நிறுவனத்தையும் வாங்கியது. இவ்விரு தேவைகளின் சந்திப்பிலேயே டீசல் புகையிரதம் பிறந்தது.

1934ஆம் ஆண்டு மே 26ஆம் திகதி, பர்லிங்டன் கம்பனியின் 'செபர்' என்னும் புகையிரதம் டென்வரிலிருந்து சிக்காகோ வரையான 1,015 மைல் தூரத்தை எங்கும் தரிக்காது 13 மணி 5 நிமிடங்களில் கடந்து, அன்று மாலை சிக்காகோ நகரில் நடைபெற்ற 'முன்னேற்றத்தின் நூற்றாண்டு' பொருட்காட்சியின் மேடையிலேயே சென்று நின்றது. கறையில் உருக்கினால் ஆகிய அதன் உடல் அருவிக்கோட்டு வடிவத்தில் அமைந்திருந்தது. அதே ஆண்டில் வெளிவந்த யூனியன் பசிபிக் கம்பனியின் எம்-10000 என்னும் புகையிரதமும் அவ்வாறே.

இதே மே மாதத்தில் அமெரிக்காவிலே வேறு சில நிகழ்ச்சிகளும் இடம்பெற்றன. மேற்குக் கரையோரத் துறைமுகத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் மே 9ஆம் திகதி தொடங்கி நடைபெற்றுக்கொண்டிருந்தது. ஒகையோ மாநிலத்தின் டொலிடோ நகரில், மோட்டார் உறுப்புக்கள் செய்யும் தொழிற்சாலையொன்றின் வேலைநிறுத்தத்தை அடக்க வந்த தேசியக் காவற்படை, செபரின் ஓட்டத்துக்கு இரு தினங்கள் முன்னர், மே 24ஆம் திகதி துப்பாக்கிப் பிரயோகம் செய்து இருவரைக் கொன்றது. இவ்விரு வகை நிகழ்ச்சிகளுக்கும் நேரடிக் காரண-காரியத் தொடர்பு உண்டென நாம் கூறவில்லை. ஆயினும், வர்க்க முரண்பாடுகள் தெருவுக்கு வந்துவிட்ட ஒரு சமுதாயத்தில், தடையற்ற ஓட்டத்தையும் மழமழப்பையும் உராய்வின்மையையும் எதிர்காலத்தின் சின்னமாகக் காட்டிய ஓர் உருவம் ஆளும் வர்க்கத்துக்கு எத்துணை உவப்பாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. அருவிக்கோட்டு வடிவம் அக்காலத்தில் ஓடாத பொருட்களுக்கும் அளிக்கப்பட்டது என்பது இதனை வலியுறுத்தும். குளிர்சாதனப் பெட்டியும் வானொலிப் பெட்டியும்கூட அவ்வடிவம் பெற்றன.

செபர், எம்-10000 ஆகியவற்றில் எஞ்சினும் பயணிகள் பெட்டிகளும் பிரிக்கவியலாதவாறு ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தன. இது வியாபாரத்துக்கு வசதியான முறையன்று. எந்தப் புகையிரதத்தோடும் இணைத்து இழுக்கத்தக்க, தனித்து விற்கத்தக்க எஞ்சினே சந்தைக்குத் தேவைப்பட்டது. சிக்காகோவுக்கு அண்மையில், இலினோய் மாநிலத்தின் லா கிறேஞ்ச் பகுதியில், இலெக்ட்ரோ-மோட்டிவ் நிறுவனம் 1930களின் நடுப்பகுதியில் நிறுவிய புதிய தொழிற்சாலையிலிருந்து 1937இல் 'ஈ' வரிசையின் முதல் எஞ்சின்கள் வெளிவந்தன. நீண்டு சாய்ந்த மூக்கும், அதன் பின்னே உயர்த்தி வைக்கப்பட்ட சாரதியறையும் இவற்றிலேயே முதலில் அமைந்தன.

இங்கு நாம் ஒருதலைப்பட்சமான முடிவுக்கு வந்துவிடலாகாது. மூக்கு வெறும் அலங்காரமன்று. முந்திய புகையிரதங்களில் சாரதி முகப்பிலேயே, தாழ்வான இடத்தில் அமர்ந்திருந்தார். வீதிக் கடவைகளில் பாரவாகனத்தோடு மோதினால் முதலில் நசுங்குவது அவரது உடலே. மூக்கை முன்தள்ளிச் சாரதியறையைப் பின்னுக்கும் மேலுக்கும் கொண்டுசென்றமை அவருக்கு ஓரளவு பாதுகாப்பளித்தது. ஆனால் பாதுகாப்புக்கு வேண்டியது உறுதியான ஒரு முன்தடுப்பு மட்டுமே. அது பெட்டிபோற் சதுரமாகவும் இருந்திருக்கலாம். அது ஏன் இருதிசைகளிலும் வளைந்த, செய்வதற்கு அரிய வடிவத்தைப் பெற்றது என்னும் வினா அப்போதும் எஞ்சுகின்றது.

அவ்வினாவுக்கான விடை ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் அமைப்பிலே உள்ளது. 1927இல் அந்நிறுவனம் ஹார்லி ஏர்ல் என்பவரின் தலைமையில் 'கலை, வர்ணப் பகுதி' ஒன்றை ஏற்படுத்தியது. கார்களின் உட்பொறி பெரிதும் மாறாதிருக்கையில், தோற்றத்தை ஆண்டுதோறும் மாற்றி, பழைய காரை வைத்திருப்போர் மனத்தில் அதிருப்தியை உண்டாக்கிப் புதியதை வாங்கச் செய்வதே அல்பிரட் சுலோன் தலைமையிலான நிருவாகத்தின் விற்பனைக் கொள்கையாக இருந்தது. பண்டத்தின் பயன்பெறுமதியினின்றும் அதன் தோற்றம் பிரிந்து, தனியொரு விற்பனைக் கருவியாக வளர்ந்தமைக்கு இதனிலும் தெளிவான உதாரணம் காண்டல் அரிது. டீசல் எஞ்சினின் முகம் இந்தக் கார்த் தொழிலின் வாரிசாகும்.

3

1939 நவம்பரில் லா கிறேஞ்ச் தொழிற்சாலையிலிருந்து 103 என்னும் இலக்கமுடைய எஞ்சினொன்று நாடு தழுவிய பயணத்தைத் தொடங்கியது. 'எப்.ரி.' எனப்பட்ட அது நான்கு அலகுகளைக் கொண்டது. ஒவ்வோர் அலகும் 1,350 பரிவலு. நான்கும் சேர்ந்து 5,400 பரிவலு. முன்னும் பின்னும் மூக்கும் சாரதியறையும் உடைய 'ஏ' அலகுகள் இரண்டு. நடுவே அவை இரண்டுமற்ற 'பீ' அலகுகள் இரண்டு. பதினொரு மாதங்களில் 20 கம்பனிகளின் பாதைகளிலே ஏறத்தாழ 83,000 மைல் ஓடி, சரக்குப் புகையிரதங்களை இழுப்பதில் நீராவி எஞ்சினை டீசலால் விஞ்சமுடியும் என்பதை அது நிரூபித்தது. பயணிகளைக் கவர்வதற்காகத் தோன்றிய முகம், நிலக்கரியையும் தானியத்தையும் கால்நடைகளையும் இழுக்கும் எஞ்சினுக்கும் பொருத்தப்பட்டமை இங்கு கவனித்தற்குரியது. சரக்குப் புகையிரதத்தின் வேகத்தில், ஒழுங்கற்ற பெட்டிகளின் நீண்ட தொடருக்கு முன்னால், வளைந்த மூக்கினாற் காற்றுத் தடையிற் கிடைக்கும் இலாபம் அற்பமானது. சரக்குக்கு அழகு தெரியாது. ஆகவே இம்முகம் பார்த்துநின்றது பயணியையன்று. எஞ்சினை வாங்கும் கம்பனியின் பணிப்பாளர் சபையையே.

அச்சபைகளிடம் ஜெனரல் மோட்டோர்ஸ் எதிர்பார்த்தது பெரியதொரு மாற்றமாகும். நீராவி யுகத்திலே ஒவ்வொரு புகையிரதக் கம்பனியும் தனக்கு வேண்டிய எஞ்சினைத் தானே திட்டமிட்டது. போல்ட்வின், அல்கோ, லைமா முதலிய உற்பத்தியாளர் அத்திட்டத்துக்கு இணங்கச் செய்துகொடுத்தனர். பென்சில்வேனியா போன்ற பெருங் கம்பனிகள் தமது வேலைத்தளங்களிலேயே எஞ்சின்களைக் கட்டின. இம்முறையில் எஞ்சின் ஓரளவுக்குக் கைவினைப் பொருளின் இயல்பைக் கொண்டிருந்தது. இலெக்ட்ரோ-மோட்டிவ் இதனைத் தலைகீழாக்கியது. கார்த் தொழிலின் முறைப்படி, தரப்படுத்தப்பட்ட ஒரே மாதிரியான எஞ்சின் தொகை தொகையாக உற்பத்தி செய்யப்பட்டது. 1939க்கும் 1945க்கும் இடையில் 1,096 எப்.ரி. அலகுகள் வெளிவந்தன. 1949 முதல் 1953 வரை உற்பத்தியான 'எப் 7' வகையில் மாத்திரம் 3,849 அலகுகள் கட்டப்பட்டன.

இவ்வாறு எல்லாக் கம்பனிகளுக்கும் ஒரே எஞ்சின் விற்கப்பட்டபோது, அவற்றின் தனித்துவம் எங்கே வெளிப்படும்? வர்ணத்திலே. லா கிறேஞ்ச் தொழிற்சாலை ஒவ்வொரு கம்பனிக்கும் தனித்தனியான வர்ணக் கோலங்களை வரைந்து கொடுத்தது. மூக்கின் விசாலமான வளைபரப்பு இதற்கெனவே படைக்கப்பட்டதுபோல் அமைந்தது. உற்பத்தியில் ஒருமையும் தோற்றத்தில் பன்மையும் என்னும் இம்முரண்பாடு ஏகபோக முதலாளித்துவத்தின் பண்பாட்டுக்கே பொதுவானது. உள்ளடக்கத்தில் வேறுபாடு அழிய அழிய, மேற்பரப்பில் வேறுபாடு பெருகுகின்றது.

இக்கோலங்களுள் மிகப் புகழ்பெற்றது சான்ரா பே கம்பனிக்காக 1937இல் ஜெனரல் மோட்டோர்ஸ் ஓவியர் லீலண்ட் நிக்கர்பொக்கர் வரைந்ததாகும். மூக்கை முழுமையாகச் சூழ்ந்து பக்கங்களில் வளைந்து பின்னோடும் செந்நிறம், அமெரிக்க ஆதிகுடிகளின் இறகுத் தலையணியை நினைவூட்டியமையால் 'போர்த் தலையணி' என்று பெயர் பெற்றது. அவ்வெஞ்சின் இழுத்த 'சூப்பர் சீவ்' புகையிரதத்தின் பெயரே பெருந்தலைவன் என்று பொருள்படுவது. அதன் பெட்டிகள் அக்கோமா, லகூனா, தாவோஸ், நவஹோ எனத் தென்மேற்குப் பிரதேச ஆதிகுடிகளின் பெயர்களைத் தாங்கின. இறகுத் தலையணியோ தென்மேற்கின் புவெப்லோ மக்களுடையதன்று, சமவெளிக் குடிகளுடையது. வேறுவேறு வரலாறும் வாழ்க்கைமுறையும் உடைய மக்களை ஒரே அலங்காரச் சின்னமாகக் கலந்துவிடுவதற்கு விற்பனைக் கலை தயங்கவில்லை. கண்டத்தைக் கடந்த புகையிரதப் பாதைகள் அரசாங்க நிலமானியங்களின் துணையுடன், இம்மக்கள் வாழ்ந்த நிலத்தின் ஊடாகவே போடப்பட்டன. நிலத்தை இழந்தவர்களின் தலையணி, நிலத்தைப் பெற்றவர்களின் எஞ்சினுக்கு முகமாயிற்று. அதே 1937ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதியன்றுதான், பிளின்ட் நகரத் தொழிற்சாலைகளில் 44 நாட்கள் உள்ளிருந்து போராடிய தொழிலாளர் முன்னால் ஜெனரல் மோட்டோர்ஸ் பணிந்து தொழிற்சங்கத்தை ஏற்றது என்பதையும் இணைத்து நோக்கவேண்டும்.

உலகப் போர் இந்நிறுவனத்தின் நிலையைப் பின்னும் வலுப்படுத்தியது. 1942 முதல் போர் உற்பத்திச் சபை எஞ்சின் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியது. பயணிகளுக்கான 'ஈ' வரிசை நிறுத்தப்பட்டபோதிலும், சரக்கு இழுக்கும் எப்.ரி. எஞ்சின்களைத் தயாரிக்க இலெக்ட்ரோ-மோட்டிவ் அனுமதிக்கப்பட்டது. போர் முடிந்தவுடன் ஏனையோரும் தத்தமக்கென முகங்களை வகுத்துக்கொண்டு சந்தைக்கு வந்தனர். அல்கோவின் 'பீ.ஏ.' எஞ்சினுக்கு ஜெனரல் இலெக்ட்ரிக்கைச் சேர்ந்த றே பற்றன் நீண்ட சதுர மூக்கை அமைத்தார். பெயார்பாங்ஸ்-மோர்ஸ் எஞ்சினுக்கு றேமண்ட் லோவி உருவம் தந்தார். போல்ட்வின் 'சுறா மூக்கு' எனப்பட்ட கூரிய முகத்தைக் கொண்டுவந்தது. அழகில் இவை குறைந்தவை அல்ல. பீ.ஏ. எஞ்சினையே எல்லாவற்றிலும் எழில் மிக்கதாகக் கருதுவோர் பலர் உளர். ஆயினும் போல்ட்வின் 1956இல் எஞ்சின் உற்பத்தியைக் கைவிட்டது. அல்கோ 1969இல் மூடப்பட்டது. முகங்களுக்கு இடையிலான போட்டியாகத் தோன்றியது, உண்மையில் தொகையுற்பத்திக்கும் மூலதன பலத்துக்கும் இடையிலான போட்டியே. 1961இல் எஞ்சின் சந்தையை ஏகபோகமாக்கியது என்னும் குற்றச்சாட்டை ஜெனரல் மோட்டோர்ஸ்மீது ஐக்கிய அமெரிக்க அரசாங்கமே சுமத்தியது. தனது கார்களை ஏற்றியனுப்பும் பெரும் வாடிக்கையாளன் என்ற நிலையைப் பயன்படுத்திப் புகையிரதக் கம்பனிகளை நிர்ப்பந்தித்தது என்பது அதன் சாரம். வழக்கு விசாரணைக்கு வராமலே பின்னர் கைவிடப்பட்டது.

4

இதுவரை விற்போரையும் வாங்குவோரையும் பற்றியே கூறினோம். எஞ்சினை இயக்கியோர் பற்றி நோக்காவிடின் இவ்வுருவத்தின் உள்ளடக்கம் புலப்படாது.

முதலிலே சாரதியறையற்ற 'பீ' அலகை எடுத்துக்கொள்வோம். நீராவிக் காலத்தில் பாரமான புகையிரதத்தை இழுக்க இரண்டு எஞ்சின்கள் வேண்டுமாயின், இரண்டு சாரதிகளும் கரி போடும் 'பயர்மன்' இருவரும் தேவை. டீசல் எஞ்சின்களிலோ, மின்தொடுப்பின் மூலம் எத்தனை அலகுகளையும் முன்னுள்ள ஒரே சாரதியறையிலிருந்து இயக்கலாம். ஆயினும் ஒவ்வோர் அலகும் தனி எஞ்சினாகக் கணிக்கப்படுமாயின், ஒவ்வொன்றுக்கும் ஆட்களை நியமிக்கும்படி தொழிற்சங்கங்கள் கோரக்கூடும் என்னும் அச்சம் கம்பனிகளிடம் நிலவியது. எனவே எப்.ரி. அலகுகள் பெரும்பாலும் இலகுவிற் பிரிக்கவியலாத இணைகோலினால் சோடி சோடியாகப் பிணைக்கப்பட்டன. பல அலகுகளுக்கு ஒரே இலக்கமிட்டு எழுத்துக்களால் மாத்திரம் வேறுபடுத்தும் வழக்கமும் இருந்தது. தலை முதல் வால் வரை இடைவெளி தெரியாமல் நீண்டோடும் ஒரே உடல் என்று அழகியலாளர் வியந்த அந்த ஒருமை, சம்பளப் பட்டியலிலே ஒரே எஞ்சினாகக் கணிக்கப்படவேண்டும் என்ற தேவையோடு பொருந்தியது. சாரதியறையை நீக்கியமையால் உற்பத்திச் செலவு குறைந்தமையும் உண்மையே. ஆனால் இங்கே உருவம் வர்க்க உறவின் பதிவாகவும் அமைந்துள்ளது.

அடுத்து, பயர்மனின் நிலை. டீசல் எஞ்சினிலே கரியும் இல்லை, அடுப்பும் இல்லை. எனினும் பயர்மன்மாரின் சங்கம் 1937இல் கம்பனிகளோடு செய்த உடன்படிக்கை மூலம், 90,000 இறாத்தலுக்கு மேற்பட்ட டீசல் எஞ்சின்களில் ஒரு பயர்மன் இருக்கவேண்டும் என்ற உரிமையைப் பெற்றது. தொழிலாளர் தமது வாழ்வைக் காத்துக்கொள்ள நடத்திய போராட்டத்தின் பேறு அது. ஆனால் அவ்வரலாற்றின் மறுபக்கத்தை மறைப்பது மார்க்சிய நோக்குக்கு இழுக்காகும். தென்மாநிலங்களில் நெடுங்காலமாகக் கரியள்ளிப் போடும் கடுமையான, அழுக்கான வேலையிலே கறுப்பினத்தவர் பெருந்தொகையாக ஈடுபடுத்தப்பட்டிருந்தனர். அவர்கள் சாரதிகளாக உயர்வது தடுக்கப்பட்டிருந்தது. தன்னியக்கக் கரியூட்டிகளும் டீசல் எஞ்சின்களும் வந்து, பயர்மன் வேலை ஆசனத்தில் அமர்ந்து செய்யும் துப்புரவான வேலையாக மாறத் தொடங்கியபோது, வெள்ளையர் மட்டுமே அங்கத்துவம் பெறக்கூடியதாயிருந்த அச்சங்கம், 1940இல் தென்கிழக்குப் பகுதியின் 21 கம்பனிகளிடம் கறுப்பினத்தவரை இறுதியில் முற்றாக வெளியேற்றும் ஏற்பாட்டைக் கோரியது. 1941இன் உடன்படிக்கை அவர்களின் தொகையை ஒவ்வொரு சேவை வகையிலும் பாதிக்கு மேற்படாதவாறு மட்டுப்படுத்தியது. அவ்வளவுக்குக் குறையும்வரை புதிய ஓட்டங்களும் வெற்றிடங்களும் வெள்ளையருக்கே உரியன என்றது. டீசல் எஞ்சின்கள் தென்மாநிலங்களிற் பரவத் தொடங்கிய காலமும் இதுவே.

லூயிவில்–நாஷ்வில் பாதையில் வேலைசெய்த ஸ்ரீல் என்னும் கறுப்பினப் பயர்மன், சேவைமூப்பிற் குறைந்த வெள்ளையருக்காகத் தமது இடத்திலிருந்து அகற்றப்பட்டமையை எதிர்த்து வழக்காடினார். சாள்ஸ் ஹமில்டன் ஹூஸ்டன் அவருக்காக வாதாடினார். ஒரு தொழிற்பிரிவின் ஏக பிரதிநிதி என்னும் தகுதியைச் சட்டத்தாற் பெறும் சங்கம், அப்பிரிவினர் அனைவரையும் பாகுபாடின்றிப் பிரதிநிதித்துவம் செய்யக் கடமைப்பட்டது என 1944 டிசெம்பர் 18ஆம் திகதி ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அவர்களை அங்கத்தவராகச் சேர்க்கும்படி அத்தீர்ப்பு சங்கத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. வர்க்க ஒற்றுமையை நிறவெறி எவ்வாறு உடைத்தது என்பதற்கு இது கசப்பான சான்றாகும். உடைந்த வர்க்கத்தைப் பின்னர் வெல்வது முதலாளிகளுக்கு எளிதாயிற்று. 1959இலிருந்து கம்பனிகள் 'தேவையற்ற ஆட்கள்' என்னும் பிரசாரத்தை முடுக்கிவிட்டன. 1963 ஆகஸ்ட் 28ஆம் திகதி காங்கிரஸ் சபை கட்டாய நடுத்தீர்ப்புக்கான சட்டத்தை நிறைவேற்றியது. அதன் வழிவந்த தீர்ப்பு, சரக்குப் புகையிரதங்களிலும் புகையிரத முற்றங்களிலும் இருந்த பயர்மன் பதவிகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பதைக் காலப்போக்கில் நீக்க வழிசெய்தது.

எஞ்சினுக்கு வெளியேயும் தாக்கம் விரிந்தது. நீராவி எஞ்சினுக்கு அடிக்கடி நீரும் கரியும் வேண்டும், கொதிகலனைத் துப்புரவாக்கவேண்டும். அத்தேவைகளைச் சுற்றியே பாதை நெடுகிலும் ஊர்கள் எழுந்தன. சமூகவியலாளர் கொற்றெல் 1951இல் வெளியிட்ட ஆய்வு, பாலைநிலத்தில் இருந்த அத்தகைய ஊரொன்று டீசலின் வருகையால் எவ்வாறு தன் இருப்புக்கான காரணத்தையே இழந்தது என்பதை விவரிக்கின்றது. சொந்த வீடு கட்டி, பாடசாலையும் ஆலயமும் அமைத்து, ஊருக்கு விசுவாசமாக வாழ்ந்தோரே அதிகம் இழந்தனர் என்பது அவ்வாய்வின் உள்ளத்தைத் தொடும் முடிவு. புதிய எஞ்சின் அவ்வூரில் நிற்கத் தேவையில்லை, அது கடந்துசென்றது.

நீராவி எஞ்சினிலே உழைப்பு கண்ணுக்குத் தெரிந்தது. நெருப்பு, கரி, வியர்வை, அசையும் தண்டுகள் யாவும் வெளியில் இருந்தன. டீசல் எஞ்சினின் வழவழப்பான உடற்கூடு அனைத்தையும் மூடியது. பண்டத்தின் தோற்றம் அதனுள் அடங்கிய சமூக உறவை மறைக்கின்றது என்று மார்க்ஸ் கூறியது இங்கு சொல்லுக்குச் சொல் பொருந்துகின்றது. அதேவேளை, புகையும் வெப்பமும் அற்ற சாரதியறையைத் தொழிலாளர் விரும்பினர் என்பதையும் மறத்தலாகாது. இயந்திரம் வேறு, அதனை மூலதனம் பயன்படுத்தும் முறை வேறு. நாம் கண்டிப்பது பின்னதையே.

5

மூக்கை உருவாக்குவதில் அடங்கியிருந்த உழைப்பும் கருதத்தக்கது. தொகையுற்பத்தியின் சின்னமான இவ்வெஞ்சினில், மூக்கு மட்டும் தொகையுற்பத்திக்கு எளிதில் இணங்கவில்லை. உருக்குத் தகடுகளைத் துண்டு துண்டாக வளைத்து, ஒட்டி, பொருத்துக்களை நிரவித் தேய்த்து மழமழப்பாக்கவேண்டியிருந்தது. பக்கச் சுவரின் உள்ளேயோ இரும்புப் பாலத்தை ஒத்த சட்டகம் இருந்தது. எஞ்சினின் பாரத்தைத் தாங்கியது அச்சட்டகமே. அதனால் உடற்கூட்டை அகற்ற முடியாது. டீசல் இயந்திரத்தைத் திருத்துவோர் ஒடுங்கிய உள்வழியில் நின்றே வேலைசெய்தனர். பின்னோக்கிச் செலுத்தும்போது சாரதிக்குப் பாதை தெரியவில்லை. வெளித்தோற்றம் உட்பயனுக்கு இடையூறாகும் நிலை இவ்வாறு முதிர்ந்தது.

1949இல் இலெக்ட்ரோ-மோட்டிவ் 'ஜீ.பி. 7' என்னும் எஞ்சினை வெளியிட்டது. எப் 7இல் இருந்த அதே 1,500 பரிவலு டீசல் இயந்திரமே அதிலும் இருந்தது. ஆனால் பாரத்தைக் கீழ்ச்சட்டம் தாங்கியது. இயந்திரத்துக்கு மேலே கதவுகளுடன் கூடிய ஒடுங்கிய மூடி மட்டுமே. இரு புறமும் நடைபாதை. இரு திசையும் பார்க்கத்தக்க சாரதியறை. அல்கோ இத்தகைய அமைப்பை 1941இலேயே தொடக்கிவைத்திருந்தது. ஜீ.பி. 7இன் தந்தையாகக் கருதப்படும் றிச்சட் டில்வேர்த், தலைமைக் காரியாலயத்தின் பக்கம் கொண்டுவர எவரும் விரும்பாத அளவு அவலட்சணமாகவும், தொலைதூரக் கிளைப்பாதைகளில் உழைப்பதற்கு உகந்ததாகவும் அதனை ஆக்குவதே தமது எண்ணமாக இருந்தது என்ற கருத்துப்படக் கூறியுள்ளார். அந்த அவலட்சணமே வென்றது. அடுத்து வந்த 'ஜீ.பி. 9' வகையில் 4,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. 'எப்' வரிசை 1950களோடு பெரும்பாலும் முடிவுற்றது.

முகம் ஏன் மறைந்தது? பராமரிப்பு வசதி, செலவுக் குறைவு என்னும் விடைகள் சரியே, ஆயினும் போதா. அவ்வசதிகள் 1939இலும் வசதிகளே. மாறியது சந்தையின் நிலை. 1939இல் டீசல், நம்பிக்கையை வெல்லவேண்டிய புதுவரவு. நீராவி எஞ்சினின் கம்பீரத்துக்கு மாற்றாக ஒரு கம்பீரத்தைக் காட்டவேண்டியிருந்தது. 1950களின் நடுப்பகுதியில் நீராவி தோற்றுவிட்டது. நியூ யோர்க் சென்ட்ரல் 1957இலும் நோபோக்–வெஸ்டேர்ண் 1960இலும் இறுதி நீராவி எஞ்சின்களை நிறுத்தின. பயணிகளோ வீதிக்கும் வானுக்கும் போய்விட்டனர். அவர்களைச் சுமக்கும் கடமையை 1971இல் அரசாங்கத்தின் துணையுடன் இயங்கும் அம்ட்ராக் ஏற்றது. நம்பவைக்கவேண்டியவர் இல்லாதபோது முகமும் வேண்டியதில்லை.

6

இவ்வரலாறு எமது மண்ணையும் ஓரிடத்திலே தொடுகின்றது. கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடாவின் உதவியாக, 1954இல் இலங்கைக்கு வந்த 'எம் 2' வகை எஞ்சின்கள் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் 'ஜீ 12' என்னும் ஏற்றுமதி மாதிரியைச் சேர்ந்தவை. முதற்தொகுதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில், 1950இல் திறக்கப்பட்ட தொழிற்சாலையிலே கட்டப்பட்டது. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் எனக் கனடிய மாகாணங்களின் பெயர்கள் அவற்றுக்கு இடப்பட்டன. அவற்றுக்குப் புல்டோக் மூக்கு இல்லை. மூடி வகை உடலே உண்டு. அவுஸ்திரேலியாவுக்கும் ஸ்கண்டிநேவிய நாடுகளுக்கும் உருண்ட மூக்குடைய எஞ்சின்கள் சென்றமையால், இதனைப் பொது விதியாகக் கொள்ளலாகாது. எனினும், உதவியாக வழங்கப்பட்ட எஞ்சினுக்கு வாங்குவோரை மயக்கும் முகம் தேவைப்படவில்லை. பெயர்ப்பலகையே முகத்தின் பணியைச் செய்தது. 1953 ஆகஸ்ட் ஹர்த்தாலுக்கு அடுத்த ஆண்டில் வந்த அப்பெயர்கள், கொடுத்தவர் யார் என்பதை எமது புகையிரத மேடைகள்தோறும் அறிவித்தன.

ஜெனரல் மோட்டோர்ஸ் 2005இல் எஞ்சின் பிரிவை விற்றது. 2010இல் அது கற்றர்பில்லர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2012 ஜனவரி முதலாம் திகதி லண்டன் தொழிற்சாலையிலே கதவடைப்புத் தொடங்கியது. சம்பளத்தை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைப்பதற்குத் தொழிலாளர் இணங்கவில்லை. பெப்ரவரியில் தொழிற்சாலை நிரந்தரமாக மூடப்பட்டது. நானூறுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். அங்கு உருவான எஞ்சின்களுட் சில அந்நாளிலும் எமது மலைநாட்டுப் பாதைகளில் ஓடிக்கொண்டிருந்தன.

முடிவாக, உருவம் உள்ளடக்கத்தின் வெறும் நிழலுமன்று, அதனினின்றும் விடுபட்ட தனிப்பொருளுமன்று என்பதை இவ்வாய்வு காட்டுகின்றது. புல்டோக் மூக்கிலே சாரதியின் பாதுகாப்பு இருந்தது. விற்பனைத் தந்திரமும் இருந்தது. இணைந்தோடும் உடலிலே பொறியியல் இருந்தது. சம்பளக் கணக்கும் இருந்தது. இவற்றுள் எது எந்தக் காலத்தில் முதன்மை பெற்றது, ஏன் பெற்றது என்று வினவுவதே வரலாற்று முறையாகும். அம்மூக்கு இன்று நூதனசாலைகளிலும் நாட்காட்டிகளிலும் ஏக்கத்துக்குரிய பொருளாகிவிட்டது. 1948இலிருந்து விளையாட்டு எஞ்சினாகப் பிள்ளைகளின் கைகளிலும் தவழ்ந்தது. அதன் எழிலை மறுக்கவேண்டிய தேவை எமக்கில்லை. ஆனால் அவ்வெழிலைக் காண்போர், அதனைத் தேய்த்து மழமழப்பாக்கிய கைகளையும், அதன் சாரதியறையிலிருந்து நிறத்தின் பேரால் விலக்கப்பட்டவர்களையும், அது நில்லாது கடந்த ஊர்களையும் சேர்த்தே காணவேண்டும். எமது நாட்டின் புகையிரத வேலைத்தளங்களையும் அங்கு உழைத்தோரின் அனுபவங்களையும் இவ்வாறு ஆராயும் பணி இன்னும் தொடங்கப்படவேயில்லை. முதிய தொழிலாளர் எம்மிடையே வாழும் காலத்திலேயே அது தொடங்கப்படுதல் வேண்டும்.